புற்றுநோயை முன்னரே கண்டறியும் கல்வி: அடையாறு முதல் சிதம்பரம் வரை

அறிமுகம்

புற்றுநோயை முற்றிய பின் கண்டறிவதற்கும் தொடக்கத்திலேயே கண்டறிவதற்கும் உள்ள வேறுபாடு பெரிது. கருப்பை வாய், மார்பகம், வாய் ஆகிய மூன்று இடங்களில் வரும் புற்றுநோய்களுக்கு இது மிகவும் பொருந்தும். இம்மூன்றும் இந்தியாவில் அதிகம் காணப்படுபவை. மூன்றையும் பெரிய கருவிகள் இல்லாமலே, பயிற்சி பெற்ற கண்ணாலும் கையாலும் தொடக்க நிலையில் ஐயுற முடியும். ஆயினும் நம் நாட்டில் நோயாளிகள் பலர் நோய் முற்றிய நிலையில்தான் மருத்துவமனைக்கு வருகின்றனர்.

இதற்கு மக்களின் அறியாமையே காரணம் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. அது பாதி உண்மைதான். நோயாளியை முதலில் பார்க்கும் மருத்துவருக்கு என்ன தெரியும், அவர் எதைச் சோதித்துப் பார்க்கிறார் என்பது மறு பாதி. அந்த மருத்துவர் உருவாகும் இடம் மருத்துவக் கல்லூரி. எனவே புற்றுநோயை முன்னரே கண்டறியும் அறிவு எப்படிப் பிறந்தது, தமிழகத்துக்கு எப்படி வந்தது, கடலூர் மாவட்டத்தில் பயிலும் மருத்துவ மாணவரின் கைக்கு அது எவ்வாறு வந்து சேர வேண்டும் என்பதை இக்கட்டுரை வரலாற்று முறையில் விளக்குகிறது.

பெயரும் பொருளும்

பழங்கால கிரேக்க மருத்துவர் இப்போக்கிரட்டீசு இந்நோயை நண்டைக் குறிக்கும் ‘கர்கினோஸ்’ என்ற சொல்லால் குறித்தார். ஆங்கிலப் பெயரும் அதே பொருளுடைய இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. தமிழில் நாம் புற்று என்கிறோம். கறையான் புற்று மண்ணுக்கு மேலே தெரியும்போது அடியில் அதன் அறைகளும் வழிகளும் வெகு தூரம் பரவியிருக்கும். உள்ளே வளர்ந்து பிறகே வெளியே தெரியும் நோய்க்கு இதைவிடப் பொருத்தமான பெயர் அமைவது அரிது.

‘முன்னரே கண்டறிதல்’ என்ற தொடரில் இரண்டு வேறு செயல்கள் அடங்கியுள்ளன. அறிகுறி தோன்றியவுடன் காலம் தாழ்த்தாமல் நோயைக் கண்டுபிடிப்பது ஒன்று. ஆறாத புண், வலியில்லாத கட்டி, மாதவிடாய் நின்ற பின் ஏற்படும் உதிரப்போக்கு போன்றவற்றைக் கண்டதும் சோதிப்பது இவ்வகை. எந்த அறிகுறியும் இல்லாத நலமான மனிதர்களை வரவழைத்துச் சோதிப்பது மற்றொன்று. இதனை முன்சோதனை எனலாம். உலக சுகாதார நிறுவனம் இவ்விரண்டையும் தனித்தனியே வகைப்படுத்துகிறது. மாணவர்கள் இவற்றை அடிக்கடி ஒன்றாகக் குழப்பிக்கொள்வதுண்டு. முதலாவது ஒவ்வொரு மருத்துவரின் அன்றாடக் கடமை. இரண்டாவது அரசும் சமூகமும் சேர்ந்து திட்டமிட்டு நடத்த வேண்டிய பணி.

உலக வரலாற்றில் சில படிகள்

கருப்பை வாயிலிருந்து எடுத்த உயிரணுக்களைக் கண்ணாடித் தகட்டில் தடவி நுண்ணோக்கியில் பார்த்தால் புற்றுநோயை அறியலாம் என்பதை 1920களின் இறுதியில் இருவர் தனித்தனியே கண்டறிந்தனர். ஒருவர் ருமேனியாவைச் சேர்ந்த ஆரெல் பாபெஷ். மற்றவர் கிரேக்கத்தில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய ஜார்ஜ் பாப்பனிக்கொலாவ். 1928-இல் பாப்பனிக்கொலாவ் தம் கருத்தை வெளியிட்டபோது அது பெரிதாகக் கவனிக்கப்படவில்லை. 1941-இல் அவரும் மகப்பேறு மருத்துவர் ஹெர்பர்ட் டிராட்டும் இணைந்து வெளியிட்ட ஆய்வுக்குப் பின்னரே மருத்துவ உலகம் அதை ஏற்றது. இன்று ‘பாப் ஸ்மியர்’ என்று அழைக்கப்படும் சோதனை அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

1968-இல் உலக சுகாதார நிறுவனத்துக்காக வில்சன், யுங்னர் என்ற இருவர் முன்சோதனைக்கான பத்து நெறிகளைத் தொகுத்தனர். தேடப்படும் நோய் முக்கியமானதாக இருக்க வேண்டும், நோய்க்குத் தொடக்க நிலை ஒன்று இருக்க வேண்டும், சோதனை மக்கள் ஏற்கத்தக்கதாக இருக்க வேண்டும், கண்டுபிடித்த பின் சிகிச்சை கிடைக்க வேண்டும் என்பன அவற்றுள் சில. அரை நூற்றாண்டு கடந்தும் இந்நெறிகள் வகுப்பறைகளில் கற்பிக்கப்படுகின்றன.

ஜெர்மானிய அறிஞர் ஹரால்ட் சூர் ஹாசன் குழுவினர் 1983-இல் கருப்பை வாய்ப் புற்றுநோய்க் கட்டியில் எச்.பி.வி. 16 என்ற வைரஸ் வகையைக் கண்டறிந்தனர். இப்பணிக்காக அவருக்கு 2008-இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. தடுப்பூசிக்கும், வைரசைத் தேடும் சோதனைக்கும் இக்கண்டுபிடிப்பே அடிப்படை.

சென்னையில் தொடக்கம்

தமிழகத்தில் புற்றுநோய் மருத்துவத்தின் வரலாறு மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டியிடமிருந்து தொடங்குகிறது. 1886-இல் புதுக்கோட்டையில் பிறந்த அவர் 1912-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரம் அவர் மனத்தில் ஆழப் பதிந்தது. 1935-இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழாவின்போது, புற்றுநோய்க்கெனத் தனி மருத்துவமனை வேண்டும் என்ற எண்ணத்தை அவர் முன்வைத்தார். அவ்வெண்ணம் நிறைவேற ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆயின. இந்திய மாதர் சங்கத்தின் வழியாகப் பொதுமக்களிடம் நிதி திரட்டப்பட்டது. 1952 அக்டோபரில் பிரதமர் ஜவகர்லால் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18 அன்று அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 12 படுக்கைகளுடன் தொடங்கப்பட்டது.

முத்துலட்சுமி ரெட்டியின் மகன் மருத்துவர் கிருஷ்ணமூர்த்தியும், 1955-இல் அங்கு சேர்ந்த மருத்துவர் வி. சாந்தாவும் அந்நிறுவனத்தை வளர்த்தெடுத்தனர். 2005-இல் மகசேசே விருதும் பின்னர் பத்ம விபூஷண் விருதும் பெற்ற சாந்தா, 2021 ஜனவரி 19 அன்று மறையும் வரை அந்த வளாகத்திலேயே வாழ்ந்து பணியாற்றினார். புற்றுநோயைக் குணப்படுத்த முடியும், அதற்கு முன்னரே கண்டறிய வேண்டும் என்பது அவர் ஆண்டுக்கணக்கில் ஓயாமல் சொல்லிவந்த செய்தி.

கல்வி நோக்கில் பார்த்தால் 1984 குறிப்பிடத்தக்க ஆண்டு. அவ்வாண்டில் அடையாறு நிறுவனத்தில் புற்றுநோய்க்கான உயர் சிறப்புப் பட்டப்படிப்புகள் தொடங்கின. புற்றுநோய் மருத்துவம் தனித் துறையாகியது. இதனால் விளைந்த நன்மை பெரிது. ஆனால் ஒரு பக்க விளைவும் உண்டு. புற்றுநோய் என்றால் அது சிறப்பு மருத்துவரின் வேலை என்ற எண்ணம் பொது மருத்துவரிடமும் மாணவரிடமும் வளர்ந்தது. சிகிச்சையைப் பொறுத்தவரை இது சரி. கண்டறிவதைப் பொறுத்தவரை இது தவறு. சிறப்பு மருத்துவரிடம் நோயாளி போய்ச் சேர்வதற்கு, முதலில் பார்த்த மருத்துவருக்கு ஐயம் எழ வேண்டுமல்லவா?

காஞ்சிபுரமும் அண்ணாவின் மறைவும்

1969 பிப்ரவரி 3 அன்று முதலமைச்சர் அண்ணா புற்றுநோயால் மறைந்தார். உணவுக்குழாயில் ஏற்பட்ட அந்நோய்க்கு 1968 செப்டம்பரில் நியூயார்க்கில் அறுவை சிகிச்சை செய்துகொண்டு திரும்பியிருந்தார். அதுவரை வீட்டுக்குள் மறைத்துப் பேசப்பட்ட ஒரு நோயின் பெயரை அன்று தமிழகமே உரக்கச் சொன்னது. அதே 1969-இல் அவர் பிறந்த காஞ்சிபுரத்தை அடுத்த காரப்பேட்டையில் அவர் பெயரால் அரசு புற்றுநோய் மருத்துவமனை அமைந்தது. சென்னைக்கு வெளியே கிராமப்புற மக்களை நோக்கிப் புற்றுநோய்ப் பணி நகர்ந்ததற்கு இது முக்கிய அடையாளம்.

1975-76-இல் மத்திய அரசு தேசியப் புற்றுநோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. 1980களின் தொடக்கத்தில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கீழ்ப் புற்றுநோய்ப் பதிவேடுகள் உருவாயின. அவற்றுள் சென்னைப் பதிவேடும் ஒன்று. எந்த ஊரில், எந்த வயதில், எந்த உறுப்பில் புற்றுநோய் வருகிறது என்பதை எண்ணி எழுதும் வேலை இது. எண்ணத் தொடங்கிய பின்புதான் மாற்றங்கள் தெரிந்தன. 1980களில் சென்னைப் பெண்களிடையே கருப்பை வாய்ப் புற்றுநோய் முதலிடத்தில் இருந்தது. பின்னர் அது குறைந்து, மார்பகப் புற்றுநோய் முதலிடத்துக்கு வந்தது.

அம்பிளிக்கை தந்த பாடம்

பாப் ஸ்மியர் சோதனைக்கு ஆய்வகம், நுண்ணோக்கி, பயிற்சி பெற்ற உயிரணு நிபுணர் ஆகியோர் வேண்டும். முடிவு வரச் சில நாள்கள் ஆகும். முடிவைச் சொல்ல அந்தப் பெண்ணை மீண்டும் வரவழைக்க வேண்டும். கூலி வேலையை விட்டுவிட்டு ஒரு முறை வருவதே கடினமாக இருக்கும் கிராமத்தில் இந்த ஏற்பாடு எப்படி நடக்கும்?

இதற்கு விடை தேடிய ஆய்வு ஒன்று திண்டுக்கல் மாவட்டத்தில், ஒட்டன்சத்திரத்தை அடுத்த அம்பிளிக்கையை மையமாகக் கொண்டு நடந்தது. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையில் பணியாற்றிய மருத்துவர் ஆர். சங்கரநாராயணன் இதனை முன்னின்று நடத்தினார். வி.ஐ.ஏ. என்ற எளிய முறை இதில் பயன்படுத்தப்பட்டது. நீர்த்த அசிட்டிக் அமிலத்தை, அதாவது வினிகரில் உள்ள அமிலத்தை, கருப்பை வாயில் தடவி ஒரு நிமிடம் காத்திருக்க வேண்டும். இயல்பு மாறிய திசு வெள்ளையாகத் தெரியும். வெறும் கண்ணாலேயே பார்க்கலாம். முடிவும் உடனே தெரியும். தேவைப்பட்டால் குளிர்முறைச் சிகிச்சையை அன்றைக்கே அளிக்கலாம்.

மாவட்டத்தின் 114 ஊர்த்தொகுதிகள் குலுக்கல் முறையில் இரு பாதியாகப் பிரிக்கப்பட்டன. ஒரு பாதியில் 30 முதல் 59 வயது வரையுள்ள பெண்களுக்குப் பயிற்சி பெற்ற செவிலியர்கள் சோதனை செய்தனர். 2000 முதல் 2003 வரை 31,000-க்கும் மேற்பட்ட பெண்கள் சோதிக்கப்பட்டனர். 2007-இல் முடிவுகள் ‘லான்செட்’ இதழில் வெளியாயின. சோதனை நடந்த பகுதிகளில் கருப்பை வாய்ப் புற்றுநோய் 25 சதவீதமும், அதனால் ஏற்படும் மரணம் 35 சதவீதமும் குறைந்திருந்தன.

இந்த ஆய்வில் பெண்களைச் சோதித்தவர்கள் பேராசிரியர்கள் அல்லர், செவிலியர்கள். முறையாகக் கற்றுக்கொடுத்தால் இந்த அறிவு கைமாறும், கைமாறிய பின்பும் உயிரைக் காக்கும் என்பது தமிழகக் கிராமங்களிலேயே மெய்ப்பிக்கப்பட்டது. உலகின் பல ஏழை நாடுகள் இம்முறையைப் பின்னர் மேற்கொண்டன.

பிற ஆய்வுகள்

இதே காலகட்டத்தில் இந்தியாவில் நடந்த வேறு மூன்று ஆய்வுகளையும் மாணவர்கள் அறிந்திருப்பது நல்லது.

திருவனந்தபுரம்: 1996-இல் தொடங்கியது. ஏறத்தாழ 1.9 லட்சம் பேர் வாழ்ந்த 13 ஊராட்சிகளில் நடந்தது. பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகச் சென்று வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தனர். 2005-இல் வெளியான முடிவின்படி, புகையிலை அல்லது மதுப் பழக்கம் உடையவர்களிடையே வாய்ப் புற்றுநோய் மரணம் 34 சதவீதம் குறைந்தது.

மும்பை: 1998-இல் குடிசைப் பகுதிகளில் தொடங்கியது. ஏறத்தாழ 1.5 லட்சம் பெண்கள் இதில் இடம்பெற்றனர். பத்தாம் வகுப்பு வரை படித்த உள்ளூர்ப் பெண்களுக்குப் பயிற்சி தரப்பட்டது. அவர்கள் செய்த வி.ஐ.ஏ. சோதனையால் கருப்பை வாய்ப் புற்றுநோய் மரணம் 31 சதவீதம் குறைந்தது. கையால் தடவிச் செய்யும் மார்பகச் சோதனையால் 50 வயதுக்கு மேற்பட்ட பெண்களிடையே மார்பகப் புற்றுநோய் மரணம் ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்தது என 2021-இல் அறியப்பட்டது. இளைய வயதினரிடம் அத்தகைய பயன் தெரியவில்லை.

உஸ்மானாபாத்: மகாராஷ்டிரத்தில் 1.3 லட்சம் பெண்களிடையே நடந்தது. வாழ்நாளில் ஒரே ஒரு முறை செய்த எச்.பி.வி. சோதனை கருப்பை வாய்ப் புற்றுநோய் மரணத்தை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்தது. அதே ஆய்வில் வி.ஐ.ஏ. முறைக்குக் குறிப்பிடத்தக்க பயன் காணப்படவில்லை. 2009-இல் இம்முடிவு வெளியானது. கண்ணால் பார்க்கும் சோதனையின் தரம், பார்ப்பவரின் பயிற்சியைப் பொறுத்தது என்பதை இது நினைவூட்டுகிறது.

அரசுத் திட்டங்கள்

தமிழக அரசு 2007 முதல் தேனி, தஞ்சாவூர் ஆகிய மாவட்டங்களில் கருப்பை வாய்ப் புற்றுநோய் முன்சோதனையை முன்னோடியாக நடத்தியது. 2012 முதல் தொற்றா நோய்த் திட்டத்தின் கீழ் இது மாநிலம் முழுவதும் படிப்படியாக விரிந்தது. 2016-இல் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதல், 30 முதல் 65 வயது வரை உள்ளவர்களுக்கு வாய், மார்பகம், கருப்பை வாய் ஆகியவற்றை ஐந்தாண்டுக்கு ஒரு முறை சோதிக்கச் சொல்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் இரத்த அழுத்தம், சர்க்கரை நோய் ஆகியவற்றுக்கான மருந்துகளை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது. 2023-இல் ஈரோடு, கன்னியாகுமரி, இராணிப்பேட்டை, திருப்பத்தூர் ஆகிய மாவட்டங்களில் சமூக அளவிலான புற்றுநோய் முன்சோதனை முன்னோடியாகத் தொடங்கப்பட்டது.

இத்தனைக்குப் பிறகும் 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு கூறும் செய்தி கவலைக்குரியது. 30 முதல் 49 வயதுள்ள பெண்களில் வாழ்நாளில் ஒரு முறையேனும் கருப்பை வாய்ச் சோதனை செய்துகொண்டவர்கள் இந்திய அளவில் 2 சதவீதத்துக்கும் குறைவு. தமிழ்நாட்டில் ஏறத்தாழ 10 சதவீதம். நாட்டின் சராசரியைவிட நாம் மேலே இருக்கிறோம் என்று மகிழலாம். பத்தில் ஒன்பது பெண்கள் இன்னும் சோதிக்கப்படவில்லை என்பதையும் அதே எண் சொல்கிறது.

சிதம்பரத்தில் மருத்துவக் கல்வி

ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் 1929-இல் நிறுவிய அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் வளாகத்தில், 1980-இல் ராஜா முத்தையா பல் மருத்துவக் கல்லூரியும் 1985-இல் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியும் தொடங்கப்பட்டன. ராணி மெய்யம்மை செவிலியர் கல்லூரியும் அங்கேயே அமைந்தது. 2013-இல் பல்கலைக்கழகத்தை அரசு ஏற்றது. அதன்பிறகும் மருத்துவக் கல்லூரியில் கட்டணம் பிற அரசுக் கல்லூரிகளைவிட மிக அதிகமாக இருந்தது. அதைக் குறைக்கக் கோரி மாணவர்கள் 2020 டிசம்பரில் தொடங்கிய போராட்டம் பல வாரங்கள் நீடித்தது. 2021-இல் கல்லூரிகள் மக்கள் நல்வாழ்வுத் துறையின் கீழ் வந்தன. மருத்துவக் கல்லூரி, ‘கடலூர் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரி’ ஆனது. பெயரில் கடலூர் இருந்தாலும் கல்லூரி இருப்பது சிதம்பரம் அண்ணாமலைநகரில்தான். மாவட்டத் தலைநகரான கடலூரில் அரசு தலைமை மருத்துவமனை தனியே இயங்குகிறது.

இந்த வளாகத்தில் ஒரு வாய்ப்பு மறைந்திருக்கிறது. மருத்துவம், பல் மருத்துவம், செவிலியம் ஆகிய மூன்றையும் பயிலும் மாணவர்கள் ஒரே இடத்தில் இருக்கின்றனர். முன்னரே கண்டறியத்தக்க புற்றுநோய்கள் மூன்று என்று பார்த்தோம். வாயைப் பார்ப்பதில் பல் மருத்துவ மாணவர் தேர்ந்தவர். கருப்பை வாய்ச் சோதனையில் செவிலியர் வல்லவராகலாம் என்பதை அம்பிளிக்கை காட்டியது. மார்பகக் கட்டியைத் தடவி அறியும் பயிற்சி அறுவை சிகிச்சைப் பிரிவில் எம்.பி.பி.எஸ். மாணவருக்குக் கிடைக்கிறது. மூவரும் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றுக்கொண்டால் மூன்று சோதனைகளும் மூவருக்கும் கைவரும்.

சுற்றுவட்டாரத்தின் தேவையும் பெரிது. பரங்கிப்பேட்டை, கிள்ளை கடலோரத்து மீனவர்கள், புவனகிரி, காட்டுமன்னார்கோயில் பக்கத்து விவசாயக் கூலிகள், பண்ணுருட்டி முந்திரித் தோப்புகளில் உழைக்கும் பெண்கள், கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டி வாழ்பவர்கள் என மாவட்டத்தின் மக்கள் பலதரப்பட்டவர்கள். புற்றுநோய் உறுதியானால் புதுச்சேரி ஜிப்மர் மண்டலப் புற்றுநோய் மையம் எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. ஐயம் எழுந்து அங்கே அனுப்பப்படுவது எப்போது என்பதே கேள்வி.

மாணவர் அறிவது எது, செய்வது எது

கல்வியியல் பயின்றவர்களுக்கு பெஞ்சமின் ப்ளூம் 1956-இல் வகுத்த கற்றல் படிநிலைகள் நினைவிருக்கும். மருத்துவக் கல்விக்கு ஜார்ஜ் மில்லர் 1990-இல் இதைப் போன்ற நான்கு படிகளைக் கூறினார். அறிதல், எப்படிச் செய்வதென அறிதல், செய்து காட்டுதல், பணியிடத்தில் தானே செய்தல் என்பன அவை. இந்தியாவில் 2019-இல் சேர்ந்த மாணவர்களிலிருந்து நடைமுறைக்கு வந்த திறன் அடிப்படையிலான எம்.பி.பி.எஸ். பாடத்திட்டமும் ஏறக்குறைய இந்தப் படிகளையே பின்பற்றுகிறது. 2022 முதல் ஒவ்வொரு மாணவரும் கிராமத்தில் சில குடும்பங்களைத் தத்தெடுத்துத் தொடர்ந்து கவனிக்கும் முறையும் சேர்க்கப்பட்டுள்ளது.

புற்றுநோய் எம்.பி.பி.எஸ். படிப்பில் ஒரே பாடமாக இல்லை. நோய்க்குறியியலில் உயிரணு மாற்றங்களாகவும், சமூக மருத்துவத்தில் முன்சோதனை நெறிகளாகவும், அறுவை சிகிச்சையில் மார்பகக் கட்டியாகவும், மகப்பேறு மருத்துவத்தில் கருப்பை வாயாகவும், காது மூக்கு தொண்டைப் பிரிவில் வாய்ப் புண்ணாகவும் பல ஆண்டுகளில் சிதறிக் கிடக்கிறது. ஒவ்வொரு துறையிலும் தேர்வு எழுதித் தேறிய மாணவருக்கு, நாற்பது வயதுப் பெண் ஒருவர் காய்ச்சல் என்று வந்து எதிரே அமரும்போது இவையெல்லாம் ஒன்றுசேர்ந்து நினைவுக்கு வர வேண்டும். அப்படி ஒன்றுசேர்க்கும் இடம் பாடப்புத்தகத்தில் இல்லை. அது பயிற்சி மருத்துவராக, அதாவது ஹவுஸ் சர்ஜனாகப் பணியாற்றும் ஓராண்டில் உருவாக வேண்டிய பழக்கம்.

மாணவர்களிடையே காணப்படும் சில தவறான எண்ணங்களையும் இங்கே சுட்ட வேண்டும்.

முதலாவது, மார்பகத்தைத் தானே சோதித்துக்கொள்வதே முன்னரே கண்டறிய வழி என்பது. ஷாங்காய் நகரில் 2.6 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண் தொழிலாளர்களிடையே நடந்த ஆய்வின் முடிவு 2002-இல் வெளியானது. சுயசோதனையை முறையாகக் கற்பித்தும் மரணம் குறையவில்லை. தம் உடலின் இயல்பை அறிந்து, மாற்றம் கண்டால் உடனே மருத்துவரிடம் செல்வது நல்லது. ஆனால் அது பயிற்சி பெற்றவர் செய்யும் சோதனைக்கு ஈடாகாது.

இரண்டாவது, எவ்வளவு அதிகம் சோதிக்கிறோமோ அவ்வளவு நல்லது என்பது. தென் கொரியாவில் தைராய்டு சுரப்பியை ஸ்கேன் செய்வது பரவியதால், 2011-இல் தைராய்டு புற்றுநோய் கண்டறியப்படும் அளவு 1993-ஐப் போல 15 மடங்காக உயர்ந்தது. மரணம் மட்டும் மாறவில்லை. தீங்கே செய்திருக்காத சிறு கட்டிகளுக்காகப் பலர் அறுவை சிகிச்சை செய்துகொண்டனர். வில்சன், யுங்னர் வகுத்த நெறிகள் ஏன் தேவை என்பதற்கு இது சான்று.

மூன்றாவது, வலி இருந்தால்தான் நோய் என்பது. இதை நோயாளிகள் நம்புகின்றனர். மருத்துவரும் நோயாளி சொல்லும் வலியை மட்டுமே பின்தொடர்ந்தால் வலியில்லாத கட்டி தப்பிவிடும்.

இனி, கையில் இருக்க வேண்டிய அறிவைச் சுருக்கமாகக் கூறலாம்.

வாய்: புகையிலை, பாக்கு, மது ஆகிய பழக்கங்களைக் கேட்க வேண்டும். நல்ல வெளிச்சத்தில் இரு கன்னங்களின் உட்புறம், நாக்கின் ஓரம், அடிநாக்கு, ஈறு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். கையுறை அணிந்து விரலால் தடவ வேண்டும். வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, இரண்டு மூன்று வாரங்களாகியும் ஆறாத புண், வாயைத் திறக்கும் அளவு குறைதல் ஆகியவை எச்சரிக்கைகள்.

மார்பகம்: நடு மூன்று விரல்களின் தட்டைப் பகுதியால் அக்குள் உட்பட முழுவதும் தடவிப் பார்க்க வேண்டும். புதிய கட்டி, தோல் உள்வாங்குதல், காம்பில் இரத்தக் கசிவு ஆகியவை இருந்தால் படமெடுத்தலும் திசு ஆய்வும் தேவை. பெண்ணின் ஒப்புதலும் மறைவிடமும் உடன் ஒரு பெண் பணியாளரும் கட்டாயம்.

கருப்பை வாய்: உடலுறவுக்குப் பின்னும், மாதவிடாய்க்கு இடையிலும், மாதவிடாய் நின்ற பின்னும் உதிரம் கண்டால் உள்ளே பார்க்காமல் மாத்திரை மட்டும் எழுதித் தரக் கூடாது. அறிகுறி இல்லாதவர்களுக்கு வி.ஐ.ஏ. அல்லது எச்.பி.வி. சோதனை எங்கே கிடைக்கும் என்று சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

ஒரு நினைவு

நான் பணியாற்றிய பள்ளி ஒன்றில் சத்துணவுக் கூடத்தில் ஆயா ஒருவர் இருந்தார். வெற்றிலையோடு புகையிலையும் போடுவார். ஒரு கோடையில் காரம் சாப்பிட முடியவில்லை என்று மோர்ச்சோறு மட்டும் உண்டுவந்தார். “வலியா ஆயா?” என்று கேட்டேன். “வலி எல்லாம் இல்ல சார், சூடு” என்றார். அந்த ஆண்டில் முதுகுவலிக்கும் காய்ச்சலுக்குமாக மூன்று முறை மருத்துவர்களிடம் போய்வந்தார். அவராகச் சொல்லவில்லை, அவர்களும் வாயைத் திறக்கச் சொல்லவில்லை. அடுத்த ஆண்டு வாய் இரண்டு விரல் அளவுக்குக்கூடத் திறக்காத நிலையில்தான் பெரிய மருத்துவமனைக்குச் சென்றார். அதன்பின் பள்ளிக்குத் திரும்பவில்லை. நாள்தோறும் அவர் கையால் தண்ணீர் வாங்கிக் குடித்த நானும் கன்னத்தைக் காட்டச் சொல்லிக் கேட்டதில்லை.

பல ஆண்டுகளுக்குப் பின், வேறோர் ஊரில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்த என் பழைய மாணவர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். வாய்ப் புற்றுநோயின் நிலைகளைக் கேட்டேன். கட்டியின் அளவு, கழுத்து நெறிக்கட்டி, பரவல் என்று ஒரு பிழையும் இல்லாமல் சொன்னார். “எத்தனை பேர் வாய்க்குள் நீயே விரல்விட்டுப் பார்த்திருக்கிறாய்?” என்றேன். சற்று யோசித்துவிட்டு, “பரீட்சைக்கு வந்த கேஸ் ஒண்ணு சார்” என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நானும் முப்பது ஆண்டுகள் தேர்வில் கேட்கப்படுவதையே கற்பித்தவன்.

முடிவுரை

அடையாற்றில் 12 படுக்கைகளுடன் தொடங்கிய பணி காரப்பேட்டை, அம்பிளிக்கை எனக் கிராமங்களை நோக்கி நகர்ந்ததைப் பார்த்தோம். இந்நூறாண்டு வரலாறு முழுவதிலும் முன்னரே கண்டறியும் அறிவு நிபுணரிடமிருந்து பொது மருத்துவருக்கும், செவிலியருக்கும், பத்தாம் வகுப்பு படித்த பணியாளருக்கும் இறங்கி வந்துகொண்டே இருக்கிறது. இறங்க இறங்க அதன் பயன் பெருகியது.

அண்ணாமலைநகரில் பயிலும் மாணவருக்கு இதற்கெனப் புதிய கருவியோ புதிய பாடமோ தேவையில்லை. முப்பது வயதைக் கடந்த எவர் எந்தக் குறைக்காக வந்தாலும், “வாயைக் கொஞ்சம் திறங்க அம்மா” என்று கேட்கும் பழக்கம் போதும். அதற்கு ஒரு டார்ச் விளக்கும் ஒரு நிமிடமும் ஆகும். தத்தெடுத்த குடும்பத்துப் பெண்களிடம், “கருப்பை வாய்ச் சோதனை எப்போது செய்துகொண்டீர்கள்?” என்று கேட்பதும் அவ்வாறே. மாணவராக இருக்கும்போது வராத இப்பழக்கம், நாளொன்றுக்கு நூறு பேரைப் பார்க்கும் மருத்துவரானபின் தானாக வந்துவிடாது.